இருபத்தொன்றாவது வீட்டு அரிசி

அத்தியாயம் 16

மங்கலத்திலிருந்து வந்தவர் சைக்கிளை முருங்கை மரத்தில் சாத்தினார். வாசலுக்குள் வரவில்லை. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். மருதாளுக்கு அது போதும்.

"பையனுங்களா?" என்றாள்.

"ஆமாங்க அம்மணி. கோழி கூப்பிட அடங்கிருச்சுங்க. வெளிச்சம் வாரதுக்குள்ள கொண்டுபோயிக் குழியில வெச்சுட்டாங்க. அக்காகிட்ட ஒரு வார்த்த சொல்லிருங்கன்னு உங்க தங்கச்சிதான் சொல்லியுட்டுது. மத்தவீக வேண்டாம்னுதான் சொன்னாங்க."

ஒரு சொம்புத் தண்ணீர்கூடக் குடிக்காமல் அவர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். அம்மை எடுத்துக்கொண்ட வீட்டுச் சேதியைச் சுமந்து வந்தவர் யார் வீட்டிலும் உட்காரக்கூடாது என்பது வழக்கம்.

ஐந்து மாதக் குழந்தை. வேலாத்தாளுக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்துப் பிறந்தது. பொன்னான் என்று பேர் வைத்தார்கள். குப்புற விழுந்து, தலையைத் தூக்கிப் பார்த்து, யாரைக் கண்டாலும் சிரிக்கிற பருவம். அதற்குள் முடிந்துவிட்டது.

மருதாள் அழவில்லை. அடுப்படிக்குப் போய், எரிகிற விறகை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்தாள். பிறகு அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஈரக் கரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நடந்ததை நினைக்கவே கூடாது என்று நாலு வாரமாக வைராக்கியமாக இருந்தவள். அன்று காலை அந்த வைராக்கியம் அவளுக்குக் கைகொடுக்கவில்லை.

மாசிக் கடைசியில் அவள் மகள் தெய்வாத்தாளுக்குப் பெரியம்மை போட்டது. ஐந்து வயசுப் பெண். திருப்பூரில் அவர்கள் குடியிருந்த லைன் வீட்டு வரிசையில் யாருக்கும் சொல்லாமல் புருஷனும் பெண்டாட்டியும் மூடி மறைத்தார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான், ஆனாலும் மறைத்தார்கள். தெரிந்தால் அவள் புருஷன் அங்கமுத்துவைப் பனியன் கம்பெனிக்குள் விடமாட்டார்கள். பிள்ளையை ஊருக்கு வெளியே அம்மைக் கொட்டகைக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அந்தக் கொட்டகையிலிருந்து திரும்பி வந்த பிள்ளை ஒன்றையும் மருதாள் பார்த்ததில்லை. அங்கமுத்து கட்டிங் வேலைக்காரன். கம்பெனியில் கழித்துப் போடும் வெட்டுத்துண்டுகளைக் கொண்டுவந்தான். பனியன் துணியைப்போல மெத்தென்று புண்ணில் ஒட்டாத துணி வேறு ஏது? அதிலேதான் தெய்வாளைக் கிடத்தினார்கள்.

பிள்ளை பிழைத்தது. பிழைத்தால் இருபத்தொரு வீட்டில் மடிப்பிச்சை எடுத்துக் கஞ்சி காய்ச்சி ஊற்றுகிறேன் என்று மருதாள் மாரியாத்தாளுக்கு வேண்டியிருந்தாள். பிழைத்த பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, சேலை மடியை ஏந்தி, வீட்டுக்கு ஒரு கை அரிசி வாங்க வேண்டும். கேட்கிறவளும் கூச்சப்படமாட்டாள், போடுகிறவளும் இல்லை என்று சொல்லமாட்டாள், ஆத்தாள் காரியமென்று வெளியே காட்டிக்கொடுக்கவும் மாட்டாள். அந்தச் சீமையில் அதைவிடச் சந்தோஷமான பிச்சை கிடையாது.

அதில்தான் அவசரம் வந்து புகுந்தது. மங்கலத்து மாரியம்மன் கோயிலில் செவ்வாய்க்கிழமை திருவிழாவுக்குக் கம்பம் நடுகிறார்கள். கம்பம் நட்ட பிறகு மடிப்பிச்சை எடுக்கக்கூடாது, அடுத்த வருஷம்தான். ஆனால் அம்மை இறங்கினதும் மூன்று தடவை தலைக்கு ஊற்றுவதில் கடைசியான மூன்றாம் தண்ணீர் பிள்ளைக்கு ஊற்றாமல் வாசலைத் தாண்டவும் கூடாது. லைனில் தண்ணீர் ஊற்றுகிற மயிலாளை மட்டும் ரகசியமாகக் கூப்பிட்டாள். அவள் தெய்வாளின் உடம்பு, கை, முகம் எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியில் உள்ளங்காலைத் தூக்கிப் பார்த்தாள்.

"பொருக்கு இருக்குது மருதா. உள்ளங்கால் சுத்தமாயித்தான் மூணாந்தண்ணி. இன்னும் எட்டு நாள் போகோணும்."

எட்டு நாள் போனால் கம்பம் நட்டுவிடுவார்கள். பதறாத காரியம் சிதறாது என்று மருதாளே எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பாள்! திங்கட்கிழமை காலையில் மயிலாளுக்குத் தெரியாமல், வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரைத் தானே மொண்டு ஊற்றிவிட்டாள். பொருக்கு தெரியாமலிருக்கப் பிள்ளையின் இரண்டு காலிலும் வெட்டுத்துண்டைச் சுற்றிக் கட்டினாள். மடியை ஏந்திக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அன்றிலிருந்து இன்றைக்கு இருபத்தெட்டு நாள்.

அங்கமுத்து சோற்றுத் தூக்குப்போசியைப் பிடித்தபடியே வாசலில் நின்றான்.

"நீ மட்டும் போயிட்டு வா புள்ள. நான் லீவு போட்டா கம்பெனில ஏன், எதுக்குன்னு கேப்பாங்க."

"ஏனுங்க, எந்தங்கச்சி பையன் செத்துருக்கறானுங்க."

"தெரியுது." அவன் குரலைத் தாழ்த்தினான். "அங்க போயி கால் சமாச்சாரத்த வாயத் தொறந்து சொல்லிப்போடாத. சொன்னா உனக்குத் தங்கச்சியும் இல்ல, தெய்வாளுக்குச் சித்தியும் இல்ல. சொல்லி என்ன ஆகப்போவுது? பையன் எந்திரிச்சா வரப்போறான்?"

அவன் கெட்டவன் இல்லை. மச்சினியின் குழந்தைக்கென்று கம்பெனியில் ராப்பகலாக நின்று, மிச்சத் துணியில் அரையடி நீளத்துக்கு ஆறு பனியன் வெட்டித் தைத்துக் கொடுத்தவன். தைத்த பனியன்கள் இன்னும் பெட்டியில்தான் இருந்தன. ஆடி நோம்பிக்குக் கொடுக்கலாம் என்று வைத்திருந்தார்கள்.

பக்கத்து வீட்டு நசீம் பானு தானாகவே வந்து தெய்வாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நம்மூட்ல இருக்கட்டும் அக்கா. நீங்க போயிட்டு வாங்க." அவளுடைய இரண்டு பிள்ளைகளும் வாசலில் கையில்லாத பனியனோடு விளையாடிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் கையிலும் அம்மை குத்திய வடு புதுசாக, வட்டமாக இருந்தது. தெய்வாள் படுத்திருந்த நாளில் நசீம் பானு எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஒருவரிடமும் சொல்லவில்லை. மறுநாளே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் குத்திக்கொண்டு வந்தாள். மடிப்பிச்சைக்கு முதல் கை அரிசி போட்டவளும் அவள்தான்.

மருதாள் அந்த வடுக்களைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஊரைத் தாண்டியதும் ரோட்டோரத்தில் வெளுத்த பனியன் துணி நீள நீளமாய்க் காய்ந்துகொண்டிருந்தது. அவள் முகத்தை இந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அங்கமுத்துவுக்குக்கூடப் பாதிதான் தெரியும். காலில் துணி சுற்றியது தெரியும். அந்தத் துணியை எங்கே அவிழ்த்தாள் என்பது தெரியாது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. நமக்கே இப்போதுதான் தெரிகிறது.

லைனில் ஏழு வீடு, பஸ் ஏறி வந்து மங்கலத்தில் பதின்மூன்று வீடு. கடைசி வீடாகத் தங்கச்சி வீட்டைத்தான் வைத்திருந்தாள். வேலாத்தாள் ஓடிவந்து தெய்வாளை வாரிக்கொண்டாள். "என் ராசாத்தி பொழச்சு வந்துட்டாளா!" என்று உள்ளே கொண்டுபோய்த் தூளிக்குப் பக்கத்தில் உட்காரவைத்தாள். தெய்வாள் தூளிக்குள் எட்டிப் பார்த்து, தம்பியின் கன்னத்தில் முத்தம் வைத்தது. பிறகு சிணுங்கியது.

"காலு அரிக்குதும்மா."

பிள்ளை அரிக்கிறது என்றால் தாய் என்ன செய்வாள்? துணியை அவிழ்த்தாள். சொறிந்துவிட்டாள். துணியை அங்கேயே, தூளிக்கு ஒரு முழத்தில், இரண்டு உதறு உதறித் திரும்பச் சுற்றிக் கட்டினாள். வேலாத்தாள் முறத்தில் அரிசி கொண்டுவந்து, ஒரு கை போட வேண்டியவள் மூன்று கை அள்ளிப் போட்டாள். அக்காவும் தங்கையும் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"மங்கலம் எறங்குங்க," என்று கண்டக்டர் சத்தம் போட்டார். மருதாள் இரண்டாவது சத்தத்துக்குத்தான் எழுந்தாள்.

ஒரு சாவு வீட்டுக்கு அடையாளம் ஒப்பாரிச் சத்தம். அந்த வீட்டில் அது இல்லை. கொட்டும் இல்லை, கூட்டமும் இல்லை. நிலையில் வேப்பிலைக் கொத்து வாடித் தொங்கியது. ஆத்தாள் எடுத்துக்கொண்ட பிள்ளைக்கு அழக்கூடாது. அழுதால் அவள் கோபித்துக்கொண்டு இன்னொன்றையும் கேட்பாள் என்பார்கள். அழாமல் உட்கார்ந்திருப்பதுதான் அங்கே துக்கம்.

ரத்தினசாமி, வேலாத்தாளின் புருஷன், குழி மூடிய கையோடு தறிக்குப் போய்விட்டிருந்தான். வீட்டுக்குள் இருக்க முடியவில்லையாம். மாமியார் ராமாத்தாள் மட்டும் வாசப்படியில் உட்கார்ந்து, வெறும் வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"வா மருதா. வந்து பாரு, உன்ற தங்கச்சி பண்ணின காரியத்த."

"என்னுங்க அத்த?"

"ஆத்தா வந்து ஊட்டுக்குள்ள உக்காந்திருக்கறா. இந்த மகராசி அடுப்புல எண்ணெயக் காயவெச்சுக் கடுகு தாளிச்சிருக்கறா! கடுகு வெடிச்சா ஆத்தாளுக்கு மேலெல்லாம் எரியுமா எரியாதா? ஏழு வருசம் கழிச்சுக் குடுத்தவ எடுத்துக்கிட்டா. அவளச் சொல்லிக் குத்தமில்ல."

மருதாள் உள்ளே போனாள். தூளி கட்டியிருந்த உத்தரத்தில் கயிறு மட்டும் தொங்கியது. கீழே வேலாத்தாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். சாவு வீட்டில் மல்லிகைப்பூ வாசம் வந்தது. ஒரு நிமிஷம் மருதாளுக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. பால் கட்டி மார் வலிக்கிறது. வற்றுவதற்காகப் பூவை வைத்துக் கட்டியிருக்கிறார்கள். கட்டியும் நிற்கவில்லை. ரவிக்கை நனைந்து, மேலே போட்டிருந்த துண்டும் நனைந்திருந்தது.

"கோழி கூப்புடற நேரத்துக்குத்தான் தெனமும் குடிப்பான்," என்றாள் வேலாத்தாள். "அவனுக்குத் தெரியாட்டிப் போவுது, இதுக்குத் தெரியலியேக்கா."

மருதாள் பக்கத்தில் உட்கார்ந்து தங்கச்சியின் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். வேலாத்தாள் ரகசியம் பேசுவதுபோலப் பேசினாள்.

"ஒரு சிட்டிகதானக்கா. ரசத்துக்கு. பையனுக்கு மேலு சுட்டுச்சு, அது அம்மையின்னு எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது. சாயங்காலம்தான் மொகத்துல ஒண்ணு, ரெண்டுன்னு தெரிஞ்சுது. அந்த ஒரு சிட்டிகயப் போடாம இருந்திருந்தா இந்நேரம் மடியில கெடப்பானல்ல?"

"அப்பிடியெல்லாம் நெனைக்காத கண்ணு."

"வேற எப்பிடி நெனைக்கறது? ஊரே அப்பிடித்தான் சொல்லுது. அவரும் சொல்லிட்டாரு. குழிக்குப் போறப்ப எம்மூஞ்சியப் பாக்கல."

புருஷன் சொன்னது மருதாளின் காதுக்குள்ளேயே இருந்தது. சொன்னால் தங்கச்சி இல்லை. சொல்லாவிட்டால் இந்தத் தங்கச்சி சாகிறவரைக்கும் ஒரு சிட்டிகைக் கடுகைச் சுமந்துகொண்டு இருப்பாள். அவள் சொல்லவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் தங்கச்சியின் தலை தன் தோளில் இருக்கட்டும் என்றுதான் அந்த நேரத்தில் அவளுக்குப் பட்டது.

வெளியே சைக்கிள் மணி அடித்தது.

அம்மை குத்துகிற பசீர் அகமதுவை அந்தச் சுற்றுவட்டாரத்தில் 'ஊசி பாய்' என்றுதான் சொல்வார்கள். அவர் தெருமுனையில் வந்தாலே பிள்ளைகள் சோளக்காட்டுக்குள் புகுந்துகொள்ளும். ஒல்லியான மனிதர், தோளில் ஒரு தோல் பை. தலையாரி சொல்லிக் குழந்தை இறந்த சேதி தெரிந்து நேரே வந்திருந்தார். வாசலோடு நின்று செருப்பைக் கழற்றிவிட்டார்.

"ராமாத்தா, உங்க ஊட்டுத் துக்கத்துல நானும் ஒருத்தனுங்க. இந்த நேரத்துல கேக்கப்படாதுதான். கேக்காமப் போனா இன்னம் நாலு ஊட்டுல இதே கேள்வியக் கேக்க வேண்டியதாப் போயிரும்."

"என்ன கேக்கோணும்?"

"ஒரு மாசத்துக்கு முன்னால இந்த ஊட்டுக்கு வெளியூர்லிருந்து ஆராச்சும் வந்தாங்களா? அம்மை வந்து பொழச்சவீக, அம்மை இருக்கற ஊட்டுலிருந்து வந்தவீக?"

"ஆரும் வரல. ஆத்தாளுக்கு வண்டி ஏறி வாரதுக்கு ஆருடைய தொணையும் வேண்டாம் பாய்."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "பத்தி எரியற கூரைய என்னால அணைக்க முடியாதுங்க. பக்கத்துக் கூரைய நனைச்சு வெக்க முடியும். ஆனா எங்கெங்க பொறி உழுந்துதுன்னு தெரியோணுமல்ல? இந்தத் தெருவுல நாலு ஊட்டுல வேப்பெல சொருகியிருக்குது. ஒருத்தரும் கதவத் தொறக்கல. திருப்பூர்ல ஒரு லைன்ல ஒரு அம்மா தானாவே வந்து ரெண்டு புள்ளைகளுக்கும் குத்தச் சொன்னாங்க. ஏம்மா திடீர்னுன்னு கேட்டேன். சொல்லமாட்டேன்னுட்டாங்க. ஆரையோ காப்பாத்தறாங்க. எல்லாரும் ஆரையோ காப்பாத்திக்கிட்டேதான் இருக்கறீங்க. புள்ளைகதான் போவுது."

உள்ளேயிருந்து வேலாத்தாள் எழுந்து வந்தாள். துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு நிலையில் சாய்ந்து நின்றாள்.

"ஆரும் வரலீங்க. எங்கக்காகூட வந்து நாலு மாசமாச்சு. இன்னிக்குத்தான் வாரா."

கண் இமைக்காமல் சொன்னாள். பசீர் அகமது அவளைப் பார்த்தார், பின்னால் நின்ற மருதாளையும் பார்த்தார். கையிலிருந்த நோட்டை மூடினார். "சரீங்க," என்று செருப்பைப் போட்டுக்கொண்டு சைக்கிளை நோக்கி நடந்தார்.

வேலாத்தாள் திரும்பி அக்காவின் காதோரம் வந்தாள்.

"உன்னய நான் காட்டிக்குடுப்பனாக்கா? தெய்வாளுக்கு அம்மை வந்துதுன்னு தெரிஞ்சா கொட்டாய்க்குத் தூக்கிட்டுப் போயிருவாங்கல்ல. அதுவாச்சும் பொழச்சிருக்குதே. அது இருக்கட்டும். தப்புப் பண்ணினவ நானு, கடுகு போட்டவ நானு. அது என்னோட போவுட்டும்."

தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். மருதாள் ஒரு கணம் நிலையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு வாசல் இறங்கி வெயிலுக்குப் போனாள்.

"பாய், நில்லுங்க."

அவர் நின்றார்.

"வந்தது நானுங்க. எம்புள்ளைக்கு அம்மை வந்து பொழச்சுது. மடிப்பிச்சைக்கு வந்தேன். இருபத்தொரு ஊடு."

ராமாத்தாளின் கையிலிருந்த வெற்றிலைக் காம்பு விழுந்தது. பசீர் அகமது சைக்கிளை நிறுத்தாமலே, அதை இடுப்பில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நோட்டைத் திறந்தார்.

"அம்மணி, எல்லா ஊடும் ஞாபகம் இருக்குதுங்களா?"

ஞாபகம் இருக்கிறதா! சாமிக்கென்று வாங்கிய அரிசி. ஒவ்வொரு கையும் அவளுக்குக் கண்ணில் நின்றது. மருதாள் சொல்ல ஆரம்பித்தாள். லைனில் நசீம் பானு, பச்சரிசி. அந்தப் பிள்ளைகளுக்குக் குத்தியாகிவிட்டது. மயிலாளின் மருமகள் வீடு, புழுங்கலரிசி. அங்கே இரண்டு கைப்பிள்ளை. அரிசி இல்லாமல் கம்பு போட்ட வீடு, வாசலில் நாலு பிள்ளைகள் சூழ்ந்துகொண்டு தெய்வாளின் காலில் என்ன கட்டு என்று தொட்டுப் பார்த்த வீடு. பஸ் ஏறி வந்தால் மங்கலத்தில் கோயில் முக்கிலிருந்து ஆரம்பம். யார் வீட்டில் எத்தனை பிள்ளை, யார் தெய்வாளைத் தூக்கிக் கொஞ்சினார்கள், யார் வெல்லம் கொடுத்தார்கள் என்று ஒன்று விடாமல் சொன்னாள். தெய்வாளைக் கொஞ்சாத வீடு ஒன்றுகூட இல்லை.

பசீர் அகமது எழுதிக்கொண்டே வந்தார். ஒரு இடத்தில் அவர் பென்சில் நின்றது; அந்த வீட்டை அவருக்குத் தெரியும்போல. தலையை ஆட்டிவிட்டுத் திரும்ப எழுதினார்.

"இருபதாவது, இந்தத் தெருவுல பக்கத்து ஊடு. முத்தாத்தக்கா ஊடுங்க."

"இருபது ஆச்சு."

"இருபத்தொண்ணு இந்த ஊடுங்க."

அதற்குமேல் அவள் பாயைப் பார்த்துப் பேசவில்லை. நிலையில் நின்ற தங்கச்சியைப் பார்த்துப் பேசினாள்.

"உள்ளங்கால்ல பொருக்கு உதிராமயே மூணாந்தண்ணி ஊத்திப்போட்டேன் வேலா. மயிலாக்கா வேண்டாம்னு சொல்லியும் ஊத்தினேன். கம்பம் நட்டுருவாங்கன்னு அவசரம். கால்ல துணி சுத்தி மறைச்சுக்கிட்டு வந்தேன். இங்க, தூளிக்கு முன்னால உக்காந்து அந்தத் துணிய அவுத்து உதறினேன்."

வேலாத்தாள் புருவத்தைச் சுருக்கி யோசித்தாள். தொலைந்த சாமானைத் தேடுகிறவளைப் போலத்தான் இருந்தது அவள் முகம்.

"வெள்ளத் துணி," என்றாள்.

"ஆமா."

"நீ போனதுக்கப்பறம் பாத்தேன். தூளிக்கடியில தவிடாட்டம் கெடந்துது. அரிசித் தவிடுன்னு நெனச்சு நாந்தானக்கா கூட்டினேன். கூட்டின கையோட பையன எடுத்துப் பாலு குடுத்தேன்."

பக்கத்துத் தெருவில் தறி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"அப்பக் கடுகு இல்லியா?"

"இல்ல கண்ணு."

"நான் தாளிச்சதுனால இல்லியாக்கா?"

"இல்ல. கடுகும் இல்ல, ஆத்தா கோவமும் இல்ல. நானு."

வேலாத்தாள் அப்படியே நிலையோரம் சரிந்து உட்கார்ந்தாள். காலையிலிருந்து அந்த வீட்டில் அடக்கி வைத்திருந்த அழுகை அத்தனையும் அவள் தொண்டையைக் கிழித்துக்கொண்டு வந்தது. "என் சாமி! என் சாமி!" என்று தரையில் அடித்துக்கொண்டு அழுதாள். "அழப்படாதுடி, ஆத்தா கோவிச்சுக்குவா," என்று ராமாத்தாள் எழுந்து வந்தாள். மருமகளின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்ல வந்ததை நிறுத்திக்கொண்டாள். காலையிலிருந்து கடுகு கடுகு என்று சொன்ன வாய் அது. கிழவி முந்தானையை எடுத்து அந்த வாயிலேயே அடைத்துக்கொண்டு, மருமகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மருதாள் குனிந்து தங்கச்சியின் தோளைத் தொடப் போனாள்.

"தொடாத."

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. மருதாளின் கை நடுவிலேயே நின்றது.

"எந்தப் புள்ளையையும் தொடாத. போ."

மருதாள் வாசலுக்கு வந்தாள். வெயிலில் கண் கூசியது. ரத்தினசாமி தறியிலிருந்து வருவான். அவனிடம் யார் சொல்லுவார்கள்? அவன் வேலாத்தாளின் முகத்தைப் பார்ப்பானா, இல்லை மருதாளைத் தேடித் திருப்பூருக்கு வருவானா? அங்கமுத்துவிடம் இன்று சாயங்காலம் என்ன சொல்வது? ஒன்றும் தெரியவில்லை. நாலு வாரமாக நெஞ்சை அடைத்திருந்த ஒன்று மட்டும் இப்போது அங்கே இல்லை. அது இல்லாதது அவளுக்குச் சுகமாகவும் இல்லை.

பசீர் அகமது இன்னும் போகவில்லை. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தபடி நின்றார்.

"அம்மணி, நான் கேக்கறது பெரிய காரியந்தானுங்க. நான் தட்டினா இந்தக் கதவெல்லாம் தொறக்காது. காலையிலிருந்து தட்டிப் பாத்துட்டேன். நீங்க வந்தா தொறப்பாங்க."

"நானா?"

"அன்னிக்கு உங்களுக்குத்தான தொறந்தாங்க. அம்மை வந்த புள்ளைகள ஒண்ணும் பண்ணமாட்டேன், எங்கயும் தூக்கிட்டுப் போகமாட்டேன். சுத்தி இருக்கற புள்ளைகளுக்கு இன்னிக்கே குத்திட்டம்னா நெறையாப் பேரு தப்பிச்சுக்குவாங்க. நாளைக்குன்னா கொறைஞ்சு போயிரும்."

இருபத்தொரு வீடு. சிரித்த முகத்தோடு ஏறி இறங்கிய அதே வாசல்கள். ஒவ்வொரு வாசலிலும் நின்று, 'நான்தான் கொண்டுவந்தேன்' என்று சொல்ல வேண்டும். சில வீட்டில் திட்டுவார்கள், சில வீட்டில் செருப்பை எடுப்பார்கள். திட்டக்கூடத் தெம்பில்லாமல் வேலாத்தாளைப்போல உட்கார்ந்திருக்கிற வீடும் இருக்கும்.

மருதாள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "வாங்க பாய்," என்றாள்.

முத்தாத்தாளின் வீடு பத்தடி தூரம்தான். கதவு சாத்தியிருந்தது. நிலையில் வேப்பிலை இன்னும் வாடவில்லை. நேற்றோ இன்றோ ஒடித்துச் சொருகியது. உள்ளே ஒரு பிள்ளை முனகுகிற சத்தம் கேட்டது. இன்னொரு பிள்ளை தண்ணீர் கேட்டது. பின்னாலிருந்து வேலாத்தாளின் அழுகை வந்துகொண்டே இருந்தது. அந்தத் தெருவுக்கே அது கேட்டிருக்கும்.

மருதாள் கதவைத் தட்டினாள். ஒரு மாதத்துக்கு முன் இதே இடத்தில் நின்ற பழக்கத்திலோ என்னவோ, அவளை அறியாமல் ஒரு கை சேலை மடியை ஏந்திக்கொண்டது.

"ஆரு?"

"நாந்தான் முத்தாத்தக்கா. மருதா. போன மாசம் அரிசி வாங்கிட்டுப் போனேனே."

உள்ளே காலடிச் சத்தம் கதவு வரைக்கும் வந்தது. வந்து நின்றுவிட்டது. முத்தாத்தாளின் மூச்சு கதவிடுக்கில் கேட்டது. பக்கத்து வீட்டில் நடந்த பேச்சு முழுவதையும் அவள் இந்தக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறாள் என்பது மருதாளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"இன்னம் என்னத்த வாங்கிட்டுப் போக வந்திருக்கற?" என்றது உள்ளேயிருந்த குரல்.

தாழ்ப்பாள் நகரவில்லை. மருதாள் ஏந்திய மடியைக் கீழே விடாமல் அங்கேயே நின்றாள்.